ஐந்து வருஷம் உழுதால் சொந்தம்

மண்வெட்டி இறங்கும்போதெல்லாம் மண்ணுக்குள் ‘நறுக்’கென்று கிளிஞ்சல் உடையும், சோற்றில் கல் கடிபட்டதுபோல அந்தச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். கோட்டுச்சேரியிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில், சப்பாத்திக்கள்ளியும் தாழம்புதரும் மண்டிக்கிடந்த ஒரு புறம்போக்குத் திடலை என் அப்பா கொத்தத் தொடங்கிய ஆடி மாதம் அது. பிரெஞ்சுக்காரர் ஆண்டுகொண்டிருந்த காரைக்கால் முழுக்க ‘வெள்ளைக்காரன் போகப்போறான்’ என்பதே பேச்சாக இருந்தது. அப்பா ஒரு மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். சொந்தமென்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு சாண் மண் கிடையாது, நாங்கள் குடியிருந்த மனைகூட மிராசுதாருடையதுதான்.

அவரை அந்தத் திடலுக்கு அனுப்பிவைத்தது என்னுடைய பூகோளப் பாடப் புத்தகம். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். விளக்கு வைத்ததும் உரக்கப் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அவருக்குப் பொருள் வேண்டியதில்லை, வீட்டுக்குள் படிப்புச் சத்தம் கேட்டால் போதும். அன்றைய பாடம் அமெரிக்கா. மேற்கே கண்ணுக்கெட்டாத புல்வெளி, குதிரைமேல் இருந்தபடியே பெருமந்தைகளை ஓட்டிப்போகிறவர்கள், மலையைக் குடைந்து தங்கம் தேடியவர்கள் என்று பாடம் போய்க்கொண்டிருந்தது. குடியேற வந்தவன் ஒரு துண்டு நிலத்தில் குடிசை கட்டி ஐந்து வருஷம் உழுதால் அரசாங்கம் அதை அவனுக்கே எழுதிக் கொடுத்தது என்ற வரி வந்தபோது, கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

“தங்கம் கெடக்கட்டும் தம்பி. அந்த நெலத்த இன்னொரு தடவ படி.”

படித்தேன். அங்கே முன்பு திரிந்த பழங்குடிகள் அப்பால் துரத்தப்பட்டார்கள் என்பது அதற்கு அடுத்த வரி. அதையும் படித்தேன், மற்ற வரிகளைப் படிக்கிற அதே ராகத்தில். அப்பா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

“வெள்ளைக்காரன் சட்டந்தானே இது?”

“ஆமாம்ப்பா. ஆனா அது அமெரிக்கா.”

“எந்த ஊரா இருந்தா என்ன? இங்க இருக்கறவனும் அவனுக்குப் பங்காளியாத்தான் இருப்பான். கப்பல் ஏறுறதுக்குள்ள எழுதி வாங்கிப்புடணும்.”

பிரெஞ்சுக்காரன் வேறு, அமெரிக்கன் வேறு என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார், எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பா ஒரு பெரிய மனிதரிடம் யோசனை கேட்பதுபோல என்னிடம் கேட்டது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமையில் வாயை மூடிக்கொண்டேன். அம்மாதான், “இருக்கற குத்தகையும் போயி நடுத்தெருவுல நிக்கப்போறோம்” என்று முணுமுணுத்தாள்.

பாடத்தில் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கள்ளியை வெட்டினோம், கீற்று வேய்ந்து ஒரு குடிசை போட்டோம். கொத்தக் கொத்தக் கிளிஞ்சலோடு சாம்பலும் கரித்துண்டும் மேலே வந்தன. “சாம்பல் நல்ல எருடா” என்று அப்பா மகிழ்ந்துபோனார். பொங்கல் சந்தைக்கு ஆகும் என்று பரங்கி விதை ஊன்றினோம். பிறகு அப்பா புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு, பிரெஞ்சில் ‘மேரி’ என்கிற நகரசபைக் கட்டடத்துக்குப் போனார்.

அங்கிருந்த குமாஸ்தா அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டார். இடையில் மறிக்காமல் கேட்டதால் காரியம் பழம் என்றே நினைத்தேன். கேட்டு முடித்து, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, “இன்னொரு தடவ சொல்லுய்யா, இவரும் கேக்கட்டும்” என்றார். அப்பாவும் இன்னொரு தடவை, முன்னைவிட நிதானமாகச் சொன்னார். அவர்கள் சிரித்த சிரிப்பில் வாசல் சேவகன்கூட எட்டிப் பார்த்தான்.

“அமெரிக்காவுக்கே ஒரு மனு போட்டுருவமா?” என்றார் குமாஸ்தா.

அன்றிலிருந்து அப்பாவின் பெயர் ‘அமெரிக்கா’. மிராசுதாரே களத்துமேட்டில் ஆட்கள் நடுவில், “என்ன அமெரிக்கா, நம்ம நடவுக்கு வருவியா, ராஜ்யத்தப் பாக்கப் போயிடுவியா?” என்று கேட்டார். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “வந்துடுறேங்க” என்றார். நான் மிராசுதார் வீட்டுத் தெருப்பக்கம் போவதையே விட்டேன். ஐப்பசியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அப்பா மட்டும் அசையவில்லை. “யாரு வந்தா என்ன, உழுதது உழுததுதானே” என்று பரங்கிக்கொடியைச் சுற்றித் தேங்கிய மழைத்தண்ணீரை வடியவிட்டார்.

மார்கழியில், காய்கள் தலையணை அளவுக்குப் பருத்திருந்தபோது, அஞ்சலை வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை; பின்னால் கூடைகளோடு அவள் புருஷனும் மாமனாரும். கழிமுகத்தில் கிளிஞ்சல் வாரி, சூளை வைத்துச் சுட்டு, சுண்ணாம்பு விற்கிறவர்கள். மழைக்காலம் விட்டதும் வந்து கோடை வெயில் ஏறியதும் போய்விடுவார்கள். வருஷாவருஷம் பொங்கலுக்கு எங்கள் சுவரில் அடித்த வெள்ளை அவர்கள் கூடையிலிருந்து வந்ததுதான். எங்கே வைத்துச் சுடுகிறீர்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

“என்னங்க இது, சூள போடற எடத்துல கொடி ஓடுது?”

“ஒங்க எடம்னு எழுதியா வச்சிருக்கு?” என்றார் அப்பா.

“எழுத்துத் தெரிஞ்சா நாங்க ஏங்க கிளிஞ்ச வாரப் போறோம்?”

“தம்பி, அந்தப் புஸ்தகத்த எடுத்தா. இவங்களுக்குப் படிச்சுக் காட்டு.”

குடிசைக்குள்ளிருந்து எடுத்து வந்து, கொடிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். ஐந்து வருஷம் உழுகிற வரியை அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அடுத்தது பழங்குடிகளைத் துரத்திய வரி; அதற்குமுன் நிறுத்திவிடப் பார்த்தேன். ஆனாலும் அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்தத் தெரியாமல் அதையும் படித்து முடித்தேன்.

அஞ்சலை குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“அந்த சனங்க எந்த மாசத்துல அங்க வருவாங்களாம் தம்பி? அது போட்டிருக்கா?”

“போடலைங்க.”

“போட்டிருக்க மாட்டாங்க.” சண்டைக்கு நிற்கிற குரலாக அது இல்லை. அப்பாவைப் பார்த்து, “காய் முத்தட்டுங்க. பொங்க வரைக்கும் நாங்க அந்தப் பள்ளத்து ஓரமா இருந்துக்கறோம்” என்றாள்.

அப்பா தம் காலடியில் மண்ணோடு மண்ணாகக் கிடந்த கரித்துண்டுகளை அப்போதுதான் முதல்தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் குடிசையைப் பிரித்தார். கீற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோது, “என்ன அமெரிக்கா, கப்பல் கெளம்பிடுச்சா?” என்று தேநீர்க்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்பா திரும்பவில்லை. விளக்கு வைத்தபின் உரக்கப் படிக்கும்படி அதற்கப்புறம் அவர் என்னிடம் சொல்லவும் இல்லை.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். சைக்கிளில் அந்த வழியாகத்தான் போக வேண்டும். திடல் இல்லை. ஆட்சி மாறிய பரபரப்பு அடங்கியபின் டவுன்காரர் ஒருவர் எப்படியோ தம் பெயருக்கு எழுதி வாங்கி, முள்கம்பி வேலி கட்டி, சவுக்குப் போட்டுவிட்டார். அஞ்சலையின் ஆட்கள் ஒரு மார்கழியில் வேலிக்கு வெளியே கூடைகளோடு நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. அப்புறம் அவர்கள் வரவில்லை. சுண்ணாம்பு கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது. அவர்கள் எங்கே போனார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்ற வேண்டும். ஆனால் சவுக்கு வளர்ந்திருக்கிற வளர்த்தியைப் பார்த்ததும், அப்பா அன்றைக்குக் கொஞ்சம் பிடிவாதமாக நின்றிருந்தால் இவ்வளவும் எங்களுடையதாகியிருக்குமே என்ற நினைப்புத்தான் முதலில் வருகிறது. அஞ்சலையின் முகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் சைக்கிள் வேலியைத் தாண்டிவிடுகிறது.