மாலைக் குளிசையை விட்ட நாட்கள்

முகாமில் செருப்புக்குள் கால் நுழையாமல் போனதுதான் முதல் அறிகுறி. களுதாவளையில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. நிவாரணச் சாப்பாட்டில் உப்பு அதிகம், அதனால் வீக்கம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார்கள். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. தையல் வேலை. மணமாகவில்லை.

இரண்டு வருடம் இரத்தச் சுத்திகரிப்பில் (இயந்திரம் வழியாக இரத்தத்தைக் கழுவுதல்) கழிந்தது. சண்டையால் பாதை மூடிய நாட்களில் அதுவும் இல்லை. அம்மாவின் சிறுநீரகம் பொருந்தவில்லை. வாவியில் மீன்பிடிக்கும் தம்பியுடையது பொருந்தியது. கண்டியில் மாற்றினார்கள்.

என் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) நன்றாக இறங்கியது. சில மாதங்களில் தம்பியும் தோணியில் ஏறிவிட்டான்.

பிறகுதான் அவனுக்குப் பேசியிருந்த கலியாணம் நின்றது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு எத்தனை நாளைக்கு வலை இழுப்பான் என்று பெண்ணின் தகப்பன் கேட்டாராம். அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. கொதித்து ஆறிய தண்ணீரை வழக்கம்போல் கொண்டுவந்து வைப்பார். பக்கத்தில் இருந்து பேசுவது மட்டும் நின்றுபோனது. நான் முகக்கவசம் போட்டிருப்பதைப் பார்த்து, ஒட்டும் நோய் என்று நினைத்து, துணி தைக்கக் கொடுப்பவர்களும் வேறு இடம் தேடினார்கள்.

அந்த நாட்களில் மாலைக் குளிசையை விடத் தொடங்கினேன். புது உறுப்பை உடம்பு தாக்காமல் தடுக்கும் மருந்து அது. சாக நினைக்கவில்லை. சுகமாக இருப்பது வெட்கமாக இருந்தது. காலையில் போட்டேன், மாலையில் விட்டேன்.

அடுத்த கிளினிக்கில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. வைத்தியர் என் அட்டையை மூடிவைத்தார்.

"வீட்டில யாரோட இருந்து சாப்பிடுறீங்க?"

"தனியத்தான், டொக்டர்."

"நித்திரை வருதா?"

இல்லை என்றேன். பிறகு குளிசையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. ஊசி மருந்து ஏற்ற வார்டில் சேர்த்தார். உளவளத்துணையாளரையும் (மனக்கஷ்டத்தைக் கேட்டு வழிகாட்டுபவர்) வரச் சொன்னார். அந்தத் துணையாளர் கேட்டுக்கொண்டபடி, குளிசையை விட்டதைத் தம்பியிடம் நானே சொன்னேன்.

கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அவன் நின்றான்.

"கலியாணம் நிண்டது எனக்கு. மறுகா நீங்க ஏனக்கா குளிசைய விட்டீங்க? நீங்க இருக்கணும் எண்டுதானே தந்த நான்."

இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மாவைக் கூட்டிவந்தான். கலியாணம் நின்றதற்கு என்மேல் கோபம் இருந்தது உண்மைதான் என்று அம்மா சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

யுத்தம் முடிந்த செய்தி அந்த வாரம் வார்டுக்கு வந்தது. நான் சிறுநீரின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

இழந்தது முழுதும் திரும்பவில்லை. சிறுநீரகம் பாதிக்குச் சற்று மேல் வேலை செய்கிறது. இதை வாசிப்பவர் உறுப்பு மாற்றியவரானால், வீட்டில் யார் உங்களோடு பேசுவதில்லை என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தம்பி பின்னர் கதிரவெளியில் கலியாணம் செய்து அங்கேயே இருக்கிறான். அவனைப் பார்க்கப் பஸ்ஸில் போவேன். இந்தச் சிறுநீரகம் எத்தனை வருடம் தாங்கும் என்று முன்பு எல்லோரிடமும் கேட்பேன். இப்போது அடுத்த கிளினிக் வரையில்தான் யோசனை. அதுவே நீண்ட காலமாகத் தெரிகிறது. பஸ் குலுங்கும்போது கை தானாக, அதை வைத்துத் தைத்த அடிவயிற்றுக்குப் போகும். தம்பியின் சிறுநீரகம் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தேன். எந்த நாளில் அது என்னுடையதானது என்று தெரியவில்லை.