மேனேஜர் இல்லாத தொட்டி

உள் அறையிலிருந்து கைதட்டல் கேட்டது. முதலில் ஒன்று. சற்றுப் பொறுத்து, அடுத்தடுத்து இரண்டு.

வாசலருகே உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்த டார்ச் அக்காவின் கை அப்படியே நின்றது. காலை ஏழு மணிக்கு, அறையில் தன்னந்தனியாக இருக்கும் மனுஷன் யாரைப் பாராட்டிக் கைதட்டுகிறார்?

"என்னங்க அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. கொசு."

ஊரில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் அந்தச் சொல் ஒலிக்கலாம். இந்த வீட்டில் ஒலிக்கக்கூடாது. பத்தொன்பது வருடமாக அவள் பார்க்கும் வேலையே வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடுவதுதான். சுகாதார அலுவலகத்து நீலக் கோட்டு, தோளில் ஒரு பை, பைக்குள் டார்ச், நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டி, ஒரு கட்டு சிவப்புச் சீட்டு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், பூந்தொட்டிக்கு அடியில், யாரும் திரும்பிப் பார்க்காத வாளிக்குள் டார்ச் அடிப்பாள். புழு நெளிந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கதவில் சீட்டை ஒட்டுவாள். ஏழு நாளைக்கு அதை யாரும் கிழிக்கக்கூடாது.

எத்தனை வசவு வாங்கியிருப்பாள். முகத்துக்கு நேரே எத்தனை கதவுகள் அறைந்து சாத்தப்பட்டிருக்கும். ஒரு வீட்டில் நாயையே அவிழ்த்து விட்டார்கள். அந்த நாயின் தண்ணீர்க் கிண்ணத்தையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். எல்லா வசவுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: "எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. ஒரு புழு இருந்தா இந்தக் கோட்டைக் கழட்டி வெச்சிடறேன்."

நேற்றுகூடச் சொன்னாள், கீழ் வீட்டுத் தையல்காரியிடம்.

ஒரு காலில் மட்டும் காலணியோடு அவள் வீட்டைச் சோதனை போட்டாள். ஃப்ரிட்ஜ் தட்டு காய்ந்திருந்தது. குளியலறை வாளி கவிழ்ந்திருந்தது. பால்கனித் தொட்டிகளில் ஈரம்கூட இல்லை. மிச்சம் இருந்தது உள் அறை. அச்சகத்தில் மாலை ஷிப்டு வேலை பார்த்துவிட்டு வந்து கணவர் படுக்கும் அறை. கட்டிலை ஒட்டி மீன்தொட்டி.

மீன்தொட்டியை மட்டும் அவள் எந்த வீட்டிலும் சந்தேகப்பட்டதில்லை. மீன் இருக்கும் தண்ணீரில் புழு வளராது. பிறந்த கையோடு மீன் தின்றுவிடும். அதனால் ஊரார் தொட்டிகளைத் தாண்டிப் போவது போலவே, தன் வீட்டுத் தொட்டியையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

இன்று டார்ச்சை அடித்தாள். பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு பட்டாளமே நெளிந்தது.



"மீன் எங்கங்க?"

"பானைக்குள்ள தூங்குது."

தொட்டிக்குள் சாய்ந்து கிடந்த சின்ன மண்பானையை அவள் கரண்டிக் காம்பால் உருட்டினாள். அது காலி.

"மோட்டார் ஏன் ஓடல?"

"சத்தம் போடுது."

"நாலு வருஷமா அதே சத்தம்தானே போடுது?"

அவர் தன் கால் விரல்களைப் பார்த்தார். "அது போயி மூணு வாரம் ஆச்சு," என்றார்.

மேனேஜர் என்று அந்த மீனுக்குப் பெயர் வைத்தவள் மகள். கறுத்த உடம்பு, உருட்டு விழி, பெருத்த வயிறு. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டே இருக்கும். வெளியூருக்குப் படிக்கப் போனபோது தொட்டிக் கண்ணாடியில் கன்னத்தை வைத்து, "அப்பா, மேனேஜர் உங்க பொறுப்பு," என்று அழுதுவிட்டுப் போனாள்.

"ஞாயித்துக்கிழமை போன்ல, மேனேஜர் உன் போட்டோவையே பாத்துக்கிட்டு இருந்தாருன்னு அவகிட்ட சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"செத்த மீன் போட்டோ பாத்துச்சா?"

"பரீட்சை நேரம். சொன்னா உட்காந்து அழுவா."

"சரி, தொட்டியையாவது காலி பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?"

"வீடியோவுல காட்டச் சொன்னா என்ன பண்றது?" பிறகு குரலை இறக்கி, "தண்ணி இருக்கற வரைக்கும் அவரு உள்ள எங்கயோ இருக்கற மாதிரி இருந்துச்சு," என்றார்.

கத்தத்தான் வாயைத் திறந்தாள். கண் நிரம்பிவிட்டது. கோபப்பட வேண்டிய நேரத்தில் சதி செய்கிற அந்தக் கண்கள் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

அழைப்பு மணி அடித்தது. கணவர் ஒரே எட்டில் செய்தித்தாளை எடுத்துத் தொட்டியை மூடினார். அவ்வளவு சுறுசுறுப்பை அவரிடம் அவள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

வாசலில் தையல்காரி. கழுத்தில் அளவுநாடா.

"அக்கா, அந்தச் சீட்டை எடுத்துடுங்க. நேத்து தையல் கத்துக்க வந்த பிள்ளைங்க ரெண்டு பேரு கதவைப் பாத்துட்டே திரும்பிப் போயிட்டாங்க. இந்த வகுப்பை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

"ஏழு நாள் இருக்கணும். அது என் கையில இல்ல."

"என் வாளியில இருந்தது ரெண்டே ரெண்டு புழு. கொசு மேல இருந்துதான் வருதுன்னு நேத்தே சொன்னேன். நீங்க கோட்டைக் கழட்டறேன்னு சவால் விட்டீங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு கொசு இருவருக்கும் நடுவே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தையல்காரியின் முழங்கையில் உட்கார்ந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். தையல்காரி அடித்தாள்.

"அது உங்ககூடவே வந்திருக்கும்மா," என்றார் கணவர் பின்னாலிருந்து.

டார்ச் அக்கா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மேனேஜர்கூட அப்படி முறைத்ததில்லை.

ஒரு பொய்தான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பத்தொன்பது வருடப் பேர் பத்திரமாக இருக்கும். ஆனால் நாளைக்கு அடுத்த கதவைத் தட்டும்போது, எந்த வாயால் அந்தப் பதிலைச் சொல்வது?

"உள்ள வாங்க," என்றாள்.

செய்தித்தாளை விலக்கி, டார்ச்சைத் தையல்காரியின் கையில் கொடுத்தாள். தையல்காரி குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"மீன்?"

"செத்துப்போச்சு. எனக்கே இப்பத்தான் தெரியும்."

"அப்ப அந்தக் கோட்டு?"

டார்ச் அக்கா ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தாள்.

"முதல்ல அதை எடுத்து மாட்டுங்க," என்றாள் தையல்காரி. "உள்ள ரவிக்கையில அக்குள் தையல் பூரா விட்டிருக்கு. இதோடவா ஊருக்கெல்லாம் சீட்டு ஒட்டறீங்க? குடுத்தனுப்புங்க, ஒரு ஓட்டு ஓட்டித் தரேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் கோட்டை மாட்டினாள். பிறகு சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தன் வீட்டு எண்ணை எழுதினாள். 'புழு கண்ட இடம்' என்பதற்கு எதிரே 'மீன்தொட்டி' என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்துக்கு நீட்டினாள். தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

"உங்க சீட்டைக் கிழிக்க முடியாது. ரெண்டு புழு இருந்தது இருந்ததுதான்."

"கிழிக்க வேணாம். இனிமே யாராச்சும் முகம் சுளிச்சா, மேல கூட்டிட்டு வந்து இந்தக் கதவைக் காட்டறேன்."

"காட்டுங்க," என்றாள். சொல்லும்போது வலித்தது.

கதவின் வெளிப்பக்கம் பசை தடவிச் சீட்டை அழுத்தினாள். கணவர் தொட்டித் தண்ணீர் வாளியோடு வந்து நின்றார்.

"சாக்கடையில ஊத்தாதீங்க, அங்க போயும் வளரும். வெயில்ல தரையில கொட்டுங்க. பொண்ணுக்குப் போன் நீங்கதான் போடணும். இன்னிக்கே. நான் பக்கத்துல இருக்கமாட்டேன்."

அவர் தலையாட்டினார்.

தையல்காரி படியில் இறங்கப் போனவள் நின்றாள். "இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்க்கா இந்தத் தொல்லை?"

"பறந்தது பறந்ததுதான். ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"அப்ப கீழயும் கைதட்டிக்கிட்டே இருக்கோம். உங்க வீட்டுச் சாமர்த்தியத்துக்கு."

அவள் இறங்கிப் போனாள். டார்ச் அக்கா கதவைச் சாத்தினாள், பசை காயாத சீட்டு நகர்ந்துவிடாதபடி, மெதுவாக.