செம்பனை நாரும் அரை வாளிக் கஞ்சியும்

பறக்கிறதைப் பிடித்து உட்காரவைப்பதுதான் எங்கள் தொழில். எஸ்டேட் மில்லில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் செம்பனைக் குலையின் நாரை, சுங்கை காடுட்டில் இருக்கும் எங்கள் பாக்டரியில் பஞ்சைவிட மெல்லிசாக அரைக்கிறோம். அதைப் பிளாஸ்டிக்கில் கலந்தால் நாற்காலிக் கால் லேசில் ஒடியாது. தூசியில் வேலை பார்த்துத் தும்மியே காலம் தள்ளும் புண்ணியவான்களே, என் கதை உங்களுக்குப் புரியும்.

தனி சீட்

வேலை முடிந்து மம்பாவ் போகும் பஸ்ஸில் ஏறினால், தலை முதல் புருவம் வரை நார். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என் பக்கத்து சீட் மட்டும் காலி. பொறுக்காமல் ஒரு நாள், எங்கள் லோரி ஓட்டும் முனியாண்டியிடம் இடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முன்னால வேணாம்க்கா, பின்னால லோட்டோட ஏறிக்கோங்க. ரெண்டும் ஒண்ணுதான்லா!"

முதல் லோடு

எங்கள் நாரை வாங்கும் நாற்காலிக் கம்பெனியில் குணா சூப்பர்வைசர். உதிரி நார் மெஷின் வாயில் அடைக்கிறது, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உடனே எங்கள் போஸ், அதாவது முதலாளி, ஒரு பெல்லட் மெஷினைச் சோதனைக்கு வரவழைத்தார். நாரில் மரவள்ளி மாவுக் கஞ்சியைக் கலந்து விட்டால், முறுக்கு பிழிவதுபோல் பிழிந்து, சின்னத் துண்டுகளாக நறுக்கித் தள்ளும். தூசி பறக்காது. குணாவுக்குப் பிடித்தால் மெஷின் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் மறுபடி தும்மல். என் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

முதல் தடவை கஞ்சியைக் கஞ்சத்தனமாக ஊற்றினேன். லோரி குலுங்கிய குலுங்கலில் எல்லாம் உதிர்ந்துபோனது. சாக்கைப் பிரித்த குணா தும்மிக்கொண்டே போன் செய்தார்.

"பெல்லட்டுன்னு சொல்லிட்டு புயல அனுப்பியிருக்கீங்களேக்கா!"

இரண்டாவது லோடு

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கஞ்சியைத் தாராளமாக ஊற்றினேன். சுத்தியலால் தட்டினாலும் உடையாத பெல்லட். பெருமை தாங்கவில்லை. ஆனால் உருகிய பிளாஸ்டிக்குள் போனதும் அது பிரிந்து மறுபடி நாராகப் பரவ வேண்டுமாம். பரவவில்லை. முழுசு முழுசாக நாற்காலியில் துருத்திக்கொண்டு நின்றது. மறுபடி குணாவின் போன்.

"உக்காந்து பாத்தேன்க்கா, குத்துது! இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான்."

ஆடி வெள்ளி

கஞ்சியை எவ்வளவு குறைப்பதென்று எனக்குப் பிடிபடவில்லை. பழைய அளவிலேயே ஒரு வாளி காய்ச்சி, மூடி வைத்துவிட்டு போஸைக் கேட்கப் போனேன். திரும்பி வந்தால், முனியாண்டியும் லோடு ஏற்றுகிறவர்களும் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள்! ஆடி வெள்ளியில் வாளி நிறைய கஞ்சி இருந்தால் வேறென்ன நினைப்பார்கள்? பாதி வாளி காலி. மாவும் தீர்ந்துவிட்டது, லோடு அன்றே போயாக வேண்டும். அழாத குறையாக மீதியில் தண்ணீரை ஊற்றி மெஷினை ஓட்டினேன். முனியாண்டி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கஞ்சி நல்லாத்தான்க்கா இருந்துச்சு, உப்புதான் பத்தல."

குணாவின் போன்

போன் அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். பெல்லட் வழியில் உதிரவில்லை, பிளாஸ்டிக்கில் அழகாகப் பரவிவிட்டதாம். சந்தோஷத்தில் நான் கத்தியது கெமாஸ் வரை கேட்டிருக்கும்.

"மெஷின திருப்பிக் கிருப்பி அனுப்பிடாதீங்கக்கா, இதே கைப்பக்குவம் எனக்கு மாசாமாசம் வேணும்!"

அன்றிலிருந்து எங்கள் பாக்டரியில் காய்ச்சுகிற ஒவ்வொரு வாளிக் கஞ்சியிலும் பாதி மெஷினுக்கு, மீதிப் பாதி உப்புப் போட்டு முனியாண்டிக்கு.