இடது பக்கத்து வால்வு

"அது இன்னும் கண்ணு முழிக்கல, செத்த நேரம் உக்காருங்க" என்று பாட்டுக் கேட்க வரும் யாரையும் உட்கார வைத்துவிடுவார் என் மேல்வீட்டுக்காரர். பிறகு ஆம்ப்ளிஃபையர் மேல் குனிந்து கன்னத்தைக் காட்டுவார். கண்ணாடி வால்வுகள் நான்கும் மெல்லச் சிவந்து, கன்னத்தில் சூடு தட்டினால்தான் இசைத்தட்டு உறையைவிட்டு வெளியே வரும். முன்னாடியே போட்டால் தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி இருக்குமாம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பில் எல்லோருக்கும் 'வால்வு சார்'. யாராவது கைபேசியில் பாட்டுக் கேட்டால், "அது பாட்டு இல்லீங்க, பாட்டோட பாஸ்போர்ட் போட்டோ" என்பார். தட்டு கரகரக்கிறதே என்று ஒருமுறை வாய்விட்டேன். "மூஞ்சில மச்சம் இருந்தா தேச்சுக் கழுவுவீங்களா?"

அவர் மனைவி கணக்கு டீச்சர். இருபத்தாறு வருஷமாக ஒரே அபிப்பிராயம்: "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது. இதோட சூட்டுல சாக்ஸ் காயும், அதான் வித்தியாசம்."

போன மாதம் இடது ஸ்பீக்கர் மங்கிவிட்டது என்றார் வால்வு சார். அந்தப் பக்கம் வரும் டிரம் சத்தம் போர்வைக்குள் போய்விட்டதாம். புது வால்வு மாட்டினார். வலது வால்வை இடதுக்கு மாற்றினார். வயரை, கடைசியில் ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினார். அப்போதும் இடது பக்கம்தான் மங்கல். நின்றுபோன லிஃப்டைப் பத்து நிமிஷத்தில் நகர்த்துகிற மனிதர், சவரம்கூடச் செய்யாமல் திரிந்தார்.

ஒரு ஞாயிறு காலை நானும் அங்கே இருந்தேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலை நிமிராமல் சொன்னார்: "ஏங்க, எல்லாத்தையும் மாத்தியாச்சு. ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார்.

"இப்ப எது மங்கல்?"

வெகுநேரம் கேட்டார். "வலது ஸ்பீக்கர்."

அதாவது, இப்போது அவருடைய இடது காதுப் பக்கம் இருப்பது. வால்வு சார் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப வால்வு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இடது காதில் பாதி போய்விட்டது, திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படியில் பார்த்தபோது என்னிடம் சிரித்தார். "மிஷின் வெச்சுக்கலாம்னாரு. அதுல வால்வு இருக்கான்னு கேட்டேன். இல்லையாம்." சிரித்தாரே தவிர, மூன்று வாரமாக மேல்வீட்டில் பாட்டு இல்லை.

நேற்று மாலை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், இசைத்தட்டைப் போட்டது டீச்சர். தன் நாற்காலியை அவருக்கு இடப்பக்கம் ஒட்டி, அவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, மடியில் விடைத்தாளோடு இருந்தார். வலது கை திருத்துகிறது. மற்றக் கையின் இரண்டு விரல், அவருடைய இடது தோளில் டிரம் தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

"கொஞ்சம் பின்தங்கி வருது" என்றார் அவர், கண்ணை மூடியபடி.

"அப்ப வால்வ மாத்துங்க" என்றார் டீச்சர். பேனாவை மூடி வைத்துவிட்டு, தலையை இடது ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து, மறுபடி தட்டினார்.