அட்டைப்படத்தில் ஒரு முதுகு

குமுதாவின் கதைகளில் வரும் ஆண்கள், கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். அவளுடைய மின்நூல்கள் விற்பதற்கு அதுதான் காரணம். கட்டிலில் நடப்பதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கட்டிலுக்கு வருமுன் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிற ஆணை எழுதத்தான் ஆள் குறைவு. அப்படிப்பட்டவனை நிஜத்தில் காண்பது அதைவிடக் குறைவு. ஆகவே டொராண்டோவிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பெண்கள் காசு கட்டி அவனை வாங்கிப் படிக்கிறார்கள்.

மலேசியாவில், டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் குமுதா. பதினேழு வயதில், படிவம் ஐந்தோடு பள்ளிப்படிப்பு நின்றது. சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கிளினிக்கில் முகப்பு மேசையில் உட்கார்ந்து, இருபது வருடங்களுக்கு மேல் மற்றவர்களின் காய்ச்சலைப் பதிவு செய்தாள். பெருந்தொற்றுக் காலத்தில் கிளினிக்கை வேறொருவர் வாங்கினார். பழைய ஆட்களுக்கு ஒரு கேக்கும் நன்றி அட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். அதே வருடம் அவள் கணவன் கமலநாதனுக்குத் துறைமுகத்தில் இடுப்பு போனது. கொள்கலன் லோரி ஓட்டியவர். கவனக்குறைவு என்று எழுதிக் கம்பெனி கைகழுவியது. உழைக்கிறவனின் எலும்பு முறிந்தால் அது அவனுடைய தவறு, லாபம் வந்தால் அது முதலாளியின் திறமை. இந்தக் கணக்கை எந்த ஊரில் யார் எழுதி வைத்தார்களோ, உலகமெங்கும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.

வீட்டில் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில், கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்த சிருங்காரக் கதைகளைக் குமுதா படித்துப் பார்த்தாள். எல்லாம் ஆண்கள் எழுதியவை. பெண்களின் பெயரில் எழுதியிருந்தார்கள்.

"இத எழுதினவன் ஒரு பொம்பளைய நிம்மதியா தூங்கவிட்டதே இல்லபோல" என்றாள் கணவனிடம்.

"அப்ப நீ எழுதேன்" என்றார் கமலநாதன், விளையாட்டாக.

எழுதினாள். வேனில்மாலை என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டாள். இணையத்தில் மின்நூல் விற்கும் கடை ஒன்றில் தானே கணக்குத் திறந்து, தானே ஏற்றினாள். முதல் மாதம் ஒரு குடும்பம் ஒரு வேளை நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு சாப்பிடலாம் என்கிற அளவுக்கு வந்தது. மூன்றாவது நூலுக்குப் பிறகு, கிளினிக்கில் வாங்கிய சம்பளத்தைத் தாண்டிவிட்டது. டாலரில் வரும் பணத்தில் வாடகையும் கமலநாதனின் சிகிச்சையும் போய், மாதம் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மிஞ்சும்.

மதியச் சமையலைக் கமலநாதன் முடித்த பிறகு, குமுதா எழுதியதைச் சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுப் படிப்பாள். அவர்தான் முதல் விமர்சகர்.

"இவன் ஏன் இவ்ளோ நேரம் பேசிக்கிட்டே இருக்கான்? ஃபெடரல் ஹைவேயில ஜாம்ல நிக்கிற மாதிரி நிக்குது கதை."

"பொம்பளைங்க அதத்தான் கேக்கறாங்க."

"பேசறதையா?"

"ஆமா. நீங்களும் கொஞ்சம் ட்ரை பண்ணிப் பாக்கலாம் லா."

இப்படிச் சிரித்துக்கொண்டு நடந்த பிழைப்புக்கு வினை அட்டைப்படத்தின் வழியாக வந்தது.

'வெயில் சாயும் ஜன்னல்' என்பது இரண்டு பாகங்கள் கொண்ட அவளுடைய புதுக் கதை. அட்டைக்கு விலைகொடுத்து வாங்கக் கிடைத்த படங்களில் எல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். சேலை கட்டியவள் வேண்டும் என்று குமுதா தன் தீபாவளி ரவிக்கையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஊதா நிறம், தாழ இறங்கிய முதுகு, குறுக்கே மூன்று கயிறுகள், முடிச்சுகளில் சின்னக் குஞ்சங்கள். ஜன்னலைப் பார்த்து நின்றாள். கமலநாதன் கைப்பேசியில் படம் எடுத்தார். முகம் தெரியவில்லை. முகமில்லாத முதுகு யாருடையதாகவும் இருக்கலாம் என்று இருவரும் நினைத்தார்கள்.

அவர்கள் குடியிருக்கும் கிள்ளானில் அப்படி நினைப்பது பெரிய தவறு. நம் பெண்கள் ஒருவரையொருவர் முதுகால் அறிந்தவர்கள். கல்யாண மண்டபத்தில் வரிசை வரிசையாக நாற்காலி. மேடையில் புகை. முன்னே ஒன்றும் தெரியாது. மணிக்கணக்கில் பார்ப்பதற்கு முன்வரிசைக்காரியின் ரவிக்கை முதுகு ஒன்றுதான் உண்டு. கோயில் வரிசையிலும் அதே கதை. யார் எங்கே தைத்தாள், கயிறு எத்தனை, எந்தக் கடைக் குஞ்சம் என்பதெல்லாம் பொது அறிவு.

ஆனால் முதலில் கண்டுபிடித்தது ஒரு பெண்ணல்ல. குமுதா குடியிருக்கும் அடுக்குமாடியின் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் லோகன். அந்தப் படம் எப்படி அவர் கண்ணில் பட்டது என்று எவரும் கேட்கவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அட்டையைப் போட்டு, கூடவே குரலும் அனுப்பியிருந்தார்.

"அன்பான குடியிருப்பாளர்களே, படத்துல பின்னால தெரியுது பாருங்க, அந்த ஜன்னல் கிரில் நம்ம கிரில். அந்தப் பச்சைய தேர்ந்தெடுத்ததே நான்தான். நம்ம அடுக்குமாடி புளோக்ல உக்காந்துக்கிட்டு ஒரு பொம்பள ஆபாசப் புத்தகம் எழுதி விக்கிறா. நம்ம இனத்தோட மானம் என்ன ஆவுறது? யாருன்னு தெரிஞ்சதும் போலீஸ் ரிப்போர்ட் போடுவேன். டெய்லர் கடைங்கள்ல நானே போய் விசாரிக்கிறேன்."

கீழே கும்பிடும் கைகள் குவிந்தன. முந்தின வாரம் அதே குழுவில் பெண்டாட்டியைப் பற்றி நாறும் நகைச்சுவைகளைப் போட்டவர்களும் கும்பிட்டிருந்தார்கள். ஆண் எச்சிலோடு சிரித்தால் தமாஷ். பெண் தன் உடம்புக்கு எது இன்பம் என்று நிதானமாக எழுதினால் இனத்தின் மானம் போகிறது. இவ்வளவு லேசாகப் போகிற மானத்தை எதற்காக இத்தனை பேர் காவல் காக்கிறார்கள் என்பது விளங்காத விஷயம்.

குமுதா உடனே அட்டையை மாற்றினாள். பயன் இல்லை. படம் ஊர் முழுக்கப் போய்விட்டது.

"புகார் போனா என்னங்க ஆகும்?"

"தெரியலம்மா" என்றார் கமலநாதன். "ஜெயிலோ, அபராதமோ. ஒண்ணும் ஆகாட்டியும் உன் பேரு வெளிய வந்துரும். அப்புறம் நீ எழுத மாட்ட."

அவளுக்கும் அதுதான் பயம். போலீஸைவிட அந்த நிறுத்தம். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தன் மூளையில் முளைத்ததைக் காசாக்கி, ஒருவரிடமும் கையேந்தாமல் நிற்கிறாள். பெயர் தெரிந்துவிட்டால், லிஃப்டில் ஏறுகிற ஒவ்வொரு ஆணும் ஒரு மாதிரிப் பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பிறகு ஒரு வரிகூட வராது.

மறுநாள் காலையே லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போனாள். அந்த ரவிக்கையைத் தைத்த அமுதவள்ளியின் கடை அங்கே ஒரு மசாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சத்தான் போனாள். படியேறி உள்ளே போனாள்.

அமுதவள்ளி வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்தாள். "தெரியும். உக்காரு."

"என்னக்கா தெரியும்?"

"என் கத்திரி போன இடம் எனக்குத் தெரியாதா? ஆனா உன்மேல கோவம் எனக்கு. நாலு வருஷமா உன் கதைய காசு கட்டிப் படிக்கிறேன். அது நீன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

குமுதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள் அமுதவள்ளி. "கதையில அவன் பின்னாடி நின்னு இதே ரவிக்கைய ஒவ்வொரு முடிச்சா அவுக்குறான். அந்த முடிச்சு சும்மா அழகுக்கு வெச்சது. ஊக்கு முன்னாடி இருக்கு. அவுத்துட்டு என்ன பண்ணப் போறான், பைத்தியக்காரன்?"

"எனக்குத் தெரியும்க்கா. ஊக்கு முன்னாடின்னு எழுதினா கதை ஒரு பக்கத்துல முடிஞ்சிரும்."

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே படியில் காலடி கேட்டது. லோகன். நெற்றி நிறைய விபூதி, கையில் கைப்பேசி.

"வணக்கம் டெய்லர் அக்கா. அட, குமுதா தங்கச்சியும் இங்கதானா? நல்லதாப் போச்சு. இந்தப் படத்தப் பாருங்க அக்கா. இது உங்க தையலா?"

அமுதவள்ளி வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "என் தையல்தான்."

குமுதா முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்குத் தெச்சது?"

"இந்த மாடல் போன தீபாவளிக்கு எத்தனையோ பேருக்குத் தெச்சேன். ஒருத்தி முதுகுல பாத்துட்டு அடுத்தவ வந்து 'அதே மாதிரி'ன்னு நிப்பா. உங்க வீட்டு தனலெட்சுமிகூட ஒண்ணு தெச்சிருக்கா."

"என் பொண்டாட்டியா? அவளுக்கு இதெல்லாம் தெரியாது."

"முடிச்சு போடவா?"

லோகன் முகம் சிவந்தது. "கிண்டல் வேணாம். இது ஊதா. ஊதாவுல யாருக்குத் தெச்சீங்க, அத மட்டும் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்" என்றாள் அமுதவள்ளி. குரலில் சிரிப்பு போய்விட்டது. "ஒரு பொம்பள என்னை நம்பி அளவு குடுக்கறா. அவ பேர வெளிய சொல்றதுக்கு நான் கடைய மூடிட்டுப் போயிரலாம்."

"அப்ப போலீஸ்ல சொல்லுங்க. நாளைக்கே ரிப்போர்ட் போடறேன். உங்க கடைப் பேரையும் சேத்துத்தான்."

குமுதாவுக்குள் இருந்த பயம் அந்த இடத்தில் கோபமாக மாறியது. தன் பெயரைக் காக்கப் போய் இன்னொருத்தியின் பிழைப்பு போவதா? கிளினிக்கில் இருபது வருடம் கத்துகிறவர்களிடம் நிதானமாகக் கேள்வி கேட்டுப் பழகிய குரல் தானாக வெளியே வந்தது.

"அண்ணே, அப்படி என்னதான் இருக்கு அதுல? சும்மா புருஷன் பொண்டாட்டி கதைன்னு கேள்விப்பட்டேன்."

"சும்மாவா? வாயால சொல்ல முடியாது தங்கச்சி. அந்த ஸ்டோர்ரூம் சீன் ஒண்ணு இருக்கே, கரண்டு போனதும் இவளே அவன் கையப் புடிச்சு... அதுக்கப்புறம் மூணு பக்கம்! நிறுத்தவே மாட்டேங்கிறா!"

குமுதாவும் அமுதவள்ளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓசியில படிக்கக் குடுக்கறது முதல் அத்தியாயம் மட்டும்தான்ணே" என்றாள் அமுதவள்ளி. "எனக்குத் தெரியும். நான் காசு கட்டித்தான் மிச்சத்தப் படிச்சேன்."

லோகன் விழித்தார். "நானும்... ஆதாரத்துக்காக வாங்கினேன். ஆதாரம் இல்லாம எப்படி ரிப்போர்ட் போடறது?"

"ஆனா நீங்க காட்டுற அட்டை முதல் பாகம் லா, அண்ணே. ஸ்டோர்ரூம் சீன் ரெண்டாம் பாகத்துலல்ல வருது? ஆதாரம் பத்தலன்னு அதையும் வாங்குனீங்களா?" என்று கேட்டாள் அமுதவள்ளி.

சங்கத் தலைவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு எடுத்தார். மறுபடி போட்டார்.

குமுதா கேட்டாள்: "ரிப்போர்ட்ல இதையும் எழுதணும்ல அண்ணே? எப்ப வாங்கினீங்க, எந்தக் கார்டுல கட்டினீங்கன்னு அவங்க கேப்பாங்க."

லோகன் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது மனிதர், குழுவில் குரல் அனுப்பும்போது இருந்த உயரம் பாதியாகக் குறைந்திருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தனாகிட்ட சொல்லிறாதீங்க."

அந்த நேரத்தில் அவரை நசுக்கியிருக்கலாம். அவர் நசுக்க வந்தவர்தான். ஆனால் குமுதாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு பாகம் வாங்கியிருக்கிறார். பிடித்துத்தான் வாங்கியிருக்கிறார். பிடித்தது என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல், அதையே கோபமாக்கி ஊரெல்லாம் சுமந்துகொண்டு திரிகிறார்.

"யார் பேரையும் நாங்க வெளிய சொல்ல மாட்டோம்ணே" என்றாள். "நீங்களும் அதே மாதிரி இருந்துக்குங்க."

அவர் எழுந்தார். படி வரை போய்த் திரும்பிக் குமுதாவை ஒரு கணம் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சாயந்தரம் குழுவில் புதிய செய்தி வந்தது. எழுத்தில்தான் அனுப்பியிருந்தார், குரல் இல்லை. ஆராய்ந்து பார்த்ததில் அது வேறு பச்சை என்று தெரியவருவதாகவும், அந்த விஷயத்தைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம் என்றும், லிஃப்ட் பழுது குறித்து ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றும் இருந்தது. அதற்கும் கும்பிடும் கைகள் குவிந்தன.

கமலநாதன் மீன் வறுத்துக்கொண்டே அதைப் படித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீதான்னு அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"பயமா இல்லையா?"

குமுதா யோசித்துப் பார்த்தாள். லிஃப்டில் லோகன் எதிரே நிற்பதைக் கற்பனை செய்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போவது அவர்தான், தான் அல்ல என்று தோன்றியது.

"இல்ல" என்றாள். "அந்த ஸ்டோர்ரூம் சீன்ல மூணு பக்கம் ஜாஸ்தின்னு நீங்க சொன்னீங்கல்ல? அந்தாளு மூணு பக்கத்தையும் மனப்பாடமா வெச்சிருக்காரு."

"அப்ப நான் சொன்னது தப்புதான். அடுத்ததுல நாலா போட்டுரு."

மேசையைத் துடைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எண்ணெய்ச் சத்தம் ஓய்ந்ததும் படித்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, எழுத ஆரம்பித்தாள்.