அவிழ்க்காத காப்பு

போன விமானம் திரும்பவில்லை என்று அந்தத் திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. என் மகன் பிரகாஷ் விமானப்படையில் வேவு விமானி. போர் நடக்கும் ஒரு வெளிநாட்டுக்கு அமைதிப்படையோடு போயிருந்தான். படைகள் எங்கே நகர்கின்றன என்று மேலிருந்து படம் எடுத்து வருவது அவன் வேலை. அவனையும் துணை விமானி அஸ்லானையும் காணவில்லை என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

எங்கள் வீடு பத்து பெரண்டாம் என்ற ஊரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். தலைக்கு மேலே சின்ன விமானம் போவதைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்தக் கிறுக்கே பிடித்தது. அந்த வாரம் அதே சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்கு ஓடினேன்.

செலண்டார் பக்கம், நாங்கள் முன்பு இருந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை திருவிழா தொடங்கியது. பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு கையில் மஞ்சள் காப்புக் கட்டினேன். காப்புக் கட்டியவள் சாவு வீட்டுப் பக்கம் போகக்கூடாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாவே என் வாசலுக்கு வந்தது. ஓர் உடல் கிடைத்திருக்கிறது, முகம் அடையாளம் தெரியவில்லை, ஜாக்கெட்டில் பிரகாஷ் பேர் இருக்கிறது, அஸ்லானை இன்னும் தேடுகிறோம் என்று இரண்டு அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலத்துக்குள் என் நாத்தனார் படத்துக்குப் போட மாலையோடு வந்துவிட்டார். கோயில் தலைவரும் வந்தார். பாவம், அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“தீட்டாயிருச்சும்மா. காப்ப அவுத்துரு. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.”

“நான் இன்னும் அவன் முகத்த பாக்கலண்ணே. ஜாக்கெட்டுக்கு ஒப்பாரி வைக்க முடியாதுலா.”

அவிழ்த்தால் அவன் செத்தது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். அது பக்தி இல்லை, பயம்தான். மாலையை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். நாத்தனார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரே பேசியது. நான் அம்மனிடம் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பால்குடம். தலைவர் அரைமனதோடுதான் விட்டார். என் பக்கத்தில் யாரும் நடக்கவில்லை. வானம் கறுத்துக் கிடந்தது. கோயில் வாசலை நெருங்கியபோது என் கணவர் போனோடு ஓடி வந்தார். சவப்பெட்டி வந்துவிட்டது என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன்.

“இருக்கான். பிரகாஷ் உசுரோட இருக்கான்.”

குடத்தை நான் இறக்கவில்லை. அம்மனுக்குப் பாலை ஊற்றிய பிறகுதான் அழுதேன்.

விமானம் விழுந்ததும், அடிபட்டுக் குளிரில் நடுங்கிய அஸ்லானுக்குத் தன் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு இவன் உதவி தேடி நடந்திருக்கிறான். ஜாக்கெட்டோடு கிடைத்த உடல் அஸ்லானுடையது. இவன் கால் உடைந்து, ஆடு மேய்ப்பவர்களின் கொட்டகையில் கிடந்திருக்கிறான். அவனைக் கண்டெடுத்தவர்கள் அவனைத் தேடி வந்தவர்கள் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அவன் செத்தவன். அவர்கள் அஸ்லானைத் தேடி வந்தவர்கள்.

மூவாரில் இருக்கும் அஸ்லானின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். மகனை இன்னும் தேடுகிறார்கள் என்று கேட்டதிலிருந்து அந்த ஐந்து நாளும் தொழுகைப் பாயை விட்டு எழவே இல்லையாம். தன் மகன் கிடைக்கவேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார். கிடைத்தது என் மகன். அவன் கால் எப்படி இருக்கிறது என்றுதான் அவர் முதலில் விசாரித்தார்.

நம்பிக் கும்பிடுங்கள், அம்மன் கேட்கிறாள். என் பிள்ளை இப்போது கோலூன்றி நடக்கிறான், அதுவே சாட்சி. ஆனால் கும்பிடும்போது உங்கள் பிள்ளையோடு முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்காகவும் கேளுங்கள். என் மகனை வீட்டுக்குக் கொண்டுவந்தது என் வேண்டுதல் மட்டும் இல்லை.