ஒன்பது கிராம் அதிகம்

கடையில் எல்லோரும் அவரை ‘கிராம் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். மலையேறுகிறவர்களுக்கான சாமான்கள் விற்கிற கடை. முன்பக்கம் அவர் விற்பார். பின்னறையில் நான் கிழிந்த பைகளையும் டெண்ட்டுகளையும் தைப்பேன். பதினாறு வருஷப் பழக்கம். மனிதர் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தராசில் வைப்பார். பல் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டு, “ஏழு கிராம் மிச்சம்மா” என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியவர்.

“தொப்பையில ஒரு கிலோவைக் குறைங்க அண்ணே, முழு பிரஷ்ஷையே எடுத்துட்டுப் போகலாம்” என்றேன். சிரித்தார். ஆனால் அறுத்தது அறுத்ததுதான்.

அதற்காக அவரைக் கிறுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். எழுநூறு கிராம் டெண்ட்டை விரித்துக் காட்டும்போது குறையைத்தான் முதலில் சொல்லுவார். துணி வெங்காயத் தோல் மாதிரி, கீழே ஒரு கல் குத்தினால் போச்சு. கம்பு சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை, காற்று பக்கவாட்டில் அடித்தால் ஒடியலாம். அப்படி ஒடிந்தால் மாட்டுவதற்கென்று விரல் நீளத்தில் ஒரு அலுமினியக் குழாய் கூடவே வரும். ஒடிந்த இடத்தின் மேல் அதை ஏற்றி, ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டால் டெண்ட் மறுபடி நிற்கும். இரண்டரைக் கிலோ டெண்ட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது; பத்து வருஷம் உழைக்கும், ஆனால் தூக்கிப் போகிறவனின் முதுகு ஒடியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாடிக்கையாளர்கள் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: “உங்க பிள்ளைக்குன்னா எதைக் குடுப்பீங்க?”

“கனமானதைத்தான்” என்பார், யோசிக்காமல். “சுமக்கப் போறது நான்தானே.”

பொய்யில்லை. அவருடைய ஒரே மகள் எட்டு வயதிலிருந்து அந்தக் கனமான பச்சை டெண்ட்டில் அவரோடு படுத்து எழுந்தவள். அதில் நான் போட்ட ஒட்டுகளே பதினொன்று.

மகளுக்கு இருபத்தாறு வயதில் முதுகில் ஆபரேஷன் நடந்தது. எட்டு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு ஒருநாள், நான்கு நாள் மலைப்பாதைக்குத் தனியாகப் போகிறேன் என்றாள். அப்பா கூட வந்தால், அவள் குணமானதாகவே ஆகாதாம். டாக்டர், “போகலாம், ஆனா ஆறு கிலோவுக்கு மேல முதுகுல ஏத்தாதீங்க” என்று சொல்லியிருந்தார்.

அண்ணன் மூன்று வாரம் தூங்கியிருக்க மாட்டார். இரண்டு டெண்ட்டையும் கடைக்குப் பின்னால் மாறி மாறி நட்டுவைத்து, ஹோஸ்பைப்பால் தண்ணீர் அடித்து, பெரிய ஃபேனை வைத்துக் காற்று அடித்துப் பார்த்தார். அண்ணி என்னிடம் வந்து அலுத்துக்கொண்டார்: “பழசையே குடுக்கச் சொல்லும்மா. சாப்பாட்டைக் குறைச்சுக்கட்டும், ரெண்டே நாள்ல திரும்பட்டும். இவருக்குத் தராசு சொன்னாத்தான் வேதம்.”

பழையதைப் போட்டால் பை எட்டு கிலோவை எட்டியது. அதனால் லேசானதே முடிவாயிற்று. தையல் ஓரங்கள் எல்லாவற்றுக்கும் நானே இரண்டு முறை பசை தடவிக் கொடுத்தேன். “இது போதுமா அண்ணே?” என்றேன். “போதும்மா. அவளுக்குக் குழாய் மாட்டத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டுப் பழக்கியிருக்கேன்” என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மலையில் யாரும் எதிர்பார்க்காத காற்றும் மழையும். ஐந்தாம் நாள் காலையில் தேடிப் போனவர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள். நனைந்து, குளிரில் விறைத்து உயிர் போயிருந்தது. உடம்பில் ஒரு காயம் கிடையாது.

பத்து நாள் கழித்து அண்ணன் அந்த டெண்ட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார். “எங்கேர்ந்து கிழிஞ்சிருக்குன்னு பாரு” என்றார். கிழிசலைப் பார்த்துக் காரணம் சொல்வது என் தொழில். கம்பு ஒடிந்து, அந்த முனை துணியைக் குத்தி, அங்கிருந்து ஓரம் வரை கிழிந்திருந்தது. ஒடிந்த இடத்தில் ஒரு ஸ்பூனை வைத்துத் தலைமுடி ரப்பரால் கட்டியிருந்தாள். ஸ்பூன் வளைந்து கிடந்தது.

“குழாய் என்னாச்சு?” என்றேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

அவர் தராசுக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து அந்தக் குழாயை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“கிளம்புற அன்னிக்குக் காலையில பையைத் தூக்கி வெச்சேன். ஆறு கிலோ ஒன்பது கிராம். அவ குளிச்சிட்டிருந்தா. இதை மட்டும் எடுத்தேன். அஞ்சு கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழுன்னு வந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சும்மா. அவகிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. டாக்டர் சொன்ன ஆறு கிலோ ஒரு குத்துமதிப்பு. ஒரு பிஸ்கட்டை எடுத்திருந்தால் முடிந்தது. கைக்குட்டையை எடுத்திருக்கலாம். ஆனால் இந்தக் கிராம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு புத்தி உண்டு: ஒடியாதவரை தேவைப்படாத சாமான் எதுவோ, அதில்தான் முதலில் கை வைப்பார்கள்.

“பையில இருந்த அத்தனையும் வெளியே கொட்டிக் கிடந்துச்சாம்” என்றார். “ஏன்னு தேடிப் போனவங்களுக்குப் புரியலை. ஒவ்வொரு பாக்கெட்டா திருப்பிப் பார்த்திருக்கா. நான் வெச்சிருப்பேன்னு நம்பித் தேடியிருக்கா.”

அண்ணிக்கு இன்றுவரை தெரியாது. “காத்துக்கு நாம என்ன பண்ண முடியும்? நீங்க குறை வைக்கலியே” என்று அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொல்லுவாராம். அந்தச் சோற்றை விழுங்குவதுதான் தன்னால் முடியவில்லை என்பார். ஆள் பாதியாகிவிட்டார். தொப்பையைப் பற்றி நான் இப்போது வாயே திறப்பதில்லை.

வேலைக்கு மட்டும் வந்துகொண்டிருக்கிறார். போன வாரம் ஒரு அம்மா வந்தார். மகன் மலைக்குப் போகிறானாம். அண்ணன் இரண்டு டெண்ட்டையும் விரித்தார், குறைகளைச் சொன்னார், குரல் மட்டும் செத்துக் கிடந்தது. அந்த அம்மா கடைசியில் கேட்டேவிட்டார்: “உங்க பிள்ளைக்குன்னா எதைக் குடுப்பீங்க சார்?”

பின்னறையில் நான் மெஷினை நிறுத்தினேன்.

“என் பொண்ணுக்கு லேசானதைத்தான் குடுத்தேன்” என்றார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப அதையே கட்டுங்க. பெத்தவரே சொன்னப்புறம் வேற என்ன வேணும்?”

அவர் மறுக்க வாயெடுப்பதற்குள் அந்த அம்மா பர்ஸைத் திறந்துவிட்டார். நான் எழுந்து போய், “இல்லம்மா, கனமானதை எடுத்துக்குங்க” என்றேன். அந்த அம்மா என்னை நம்பவில்லை. தையற்காரிக்கு என்ன தெரியும் என்கிற பார்வை. சரி என்று, டெண்ட்டோடு குழாயையும் பையில் போட்டேன்.

“இது என்னது? அவன் எல்லாத்துலயும் வெயிட் பார்ப்பான். அவசியமா?” என்று அதை வெளியே எடுத்தார் அந்த அம்மா.

அண்ணன் கவுண்டரைச் சுற்றி ஓடிவந்தார். அதை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, பையின் அடியில் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, அதன் மேலேயே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா, “பையைக் குடுங்க சார்” என்று மூன்று முறை கேட்டார். நான்தான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.